டப்பாவில் இருந்த காசையும் நான்தான் எடுத்தேன்

எப்படி இவ்வளவு காசு சேர்த்தாய் என்றுதானே கேட்டீர்கள், தலைவர் அவர்களே? சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாரினேன். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். எடுக்கவே கூடாத ஒன்றையும் எடுத்தேன்.

இருங்கள், முதலில் முறைப்படி எல்லாரையும் கூப்பிட வேண்டுமாம். செயலாளர் காதைக் கடிக்கிறார். சரி.

இந்த அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் சந்தை வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம், வந்ததிலிருந்து கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத நகராட்சி அதிகாரி அவர்களே! இடப்பக்கம், எனக்குப் பரிசு கொடுப்பதற்காகவே வருகை தந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே! மணியைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டும் செயலாளர் அவர்களே! மூட்டை சுமந்து முதுகு வளைந்த மாமாக்களே! ஐஸ் உடைத்து விரல் மரத்த அண்ணன்மார்களே! விடியும் முன்னே வந்து, வெயில் சாயும் வரை நின்று, நின்ற காலின் வலியை நின்றபடியே மறக்கும் மீன் வரிசை அக்காமார்களே! முட்டை விற்கும், காய் விற்கும், கருவாடு விற்கும் அம்மாமார்களே! இவன் உருப்படவே மாட்டான் என்று எனக்கு ஐந்து வயதிலேயே சொல்லிவிட்ட பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் காத்தாடியின் வணக்கம்.

கைதட்டாதீர்கள். கடைசியில் தட்டலாமா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.

எனக்காக எழுதிக் கொடுத்த பேச்சு சட்டைப் பையில் இருக்கிறது. "பொடிக்காசு ஒப்படைப்பில் நம் சந்தை படைத்த சாதனை" என்று தலைப்பு. நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுத்துக் கூட்டி வாசித்தால் விடிந்துவிடும். அதனால் வாயில் வருவதைப் பேசிவிடுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று இந்தச் சந்தைக்குள் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "பொதுமக்கள் கவனத்துக்கு! மாதக் கடைசியோடு பொடிக்காசு செல்லாது!" நாம் யாராவது பதறினோமா? அழுதோமா? எதற்கு அழ வேண்டும்? பொடிக்காசுக்கு எந்தக் கடையில் என்ன கொடுத்தார்கள்? மிச்சம் கேட்டால் மிட்டாய் கொடுத்தார்கள். கீழே விழுந்தால் குனிந்து எடுக்க ஆளில்லை. அரசாங்கம் சொன்னது: அதை அடிக்கிற செலவு அதன் மதிப்பைவிட அதிகம். நியாயம்தானே என்றோம். விலையெல்லாம் இனி முழுசாகிவிடும், கணக்கு சுலபமாகிவிடும் என்றார்கள். நல்லதுதானே என்றோம்.

முழுசானது. எப்படி முழுசானது? வாங்குகிற பொருள் எல்லாம் மேலே முழுசானது. கொடுக்கிற கூலி எல்லாம் கீழே முழுசானது. பேருந்துக் கட்டணம் மேலே. மீன் வெட்டும் கூலி கீழே. ஒரே கணக்குத்தான். ஆனால் அது யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே சாய்ந்தது. சரி, அதையும் தாங்கினோம். பழக்கம்தானே!

நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. நான் பேச வந்தது ஒரு டப்பாவைப் பற்றி.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்த டப்பாவைத் தெரியாது. ஐஸ் கிடங்கின் வாசலில், ஆணியில் தொங்கிய பழைய பால்மாவு டப்பா. மூடி கிடையாது. அதில் பொடிக்காசு கிடக்கும். யார் போட்டார்கள்? எல்லாரும். யார் எடுத்தார்கள்? எல்லாரும். எவ்வளவு போட்டாய், எவ்வளவு எடுத்தாய் என்று கேட்பார் கிடையாது. எதற்கு எடுத்தார்கள்?

அதோ, அந்தக் கட்டடத்துக்கு. திரும்பிப் பாருங்கள். இன்றைய விழாவுக்காக வெள்ளையடித்து, வாசலில் காகிதப் பூத்தோரணம் கட்டி வைத்திருக்கிறார்களே, அதற்கு. பெண்கள் கழிப்பறை. இரண்டு கதவு. கதவுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு வாய். அந்த வாயில் பொடிக்காசு ஒன்றைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால்தான் கதவு திறக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நிறுவனம் வந்து மாட்டிவிட்டுப் போனது. நவீனம் என்றார்கள். ஆள் வேண்டாம், சம்பளம் வேண்டாம், சண்டை வேண்டாம் என்றார்கள்.

ஆண்கள் பக்கம்? நமக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது, காசும் கிடையாது. நமக்குத்தான் ஊரெல்லாம் சுவர் இருக்கிறதே! தலையைக் குனியாதீர்கள் அண்ணே, நானும் சுவர்க்காரன்தான்.

அப்படியானால் அந்தப் பெண்களுக்குப் பொடிக்காசு என்பது என்ன? அது காசா? இல்லை. அது சாவி! முந்நூறு பெண்களின் சாவி ஒரே டப்பாவில் தொங்கியது. இதை யாராவது யோசித்தார்களா? சட்டம் போட்டவர் யோசிக்கவில்லை. வண்டியில் கத்தியவர் யோசிக்கவில்லை. வாங்கிக்கொண்ட வங்கி யோசிக்கவில்லை. நான் யோசித்தேனா?

நான் அப்போது போட்டியில் இருந்தேன்.

ஆமாம், போட்டி. எந்தப் பிரிவு அதிகம் பொடிக்காசு ஒப்படைக்கிறதோ அதற்குக் கேடயம் என்று நமது சங்கம் அறிவித்தது. தானியப் பிரிவுக்குத் தராசு என்கிற என் சிநேகிதன் இறங்கினான். மீன் பிரிவுக்கு நான். வேலைவெட்டி இல்லாத எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போட்டி! என் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனேன். உண்டியல்களை உடைத்தேன். மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்தேன். மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். கடைசி நாள் மாலை, வங்கி மூட அரைமணி நேரம். தராசு என்னைவிடக் கொஞ்சம்தான் முன்னால்.

மூச்சிரைக்க மீன் வரிசைக்கு ஓடினேன். என் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உங்களில் பலருக்குத் தெரியும் அவளை. ஒரு கையில் மீன், ஒரு கையில் கத்தி, வாய் மட்டும் சும்மா இருக்கும். அந்த வாய் என்னைத் திட்டும்.

"என்னடா காத்தாடி, தலைதெறிக்க ஓடி வர்ற? எவன் துரத்துறான்?"

"அக்கா, இன்னும் கொஞ்சம் காசு இருந்தா ஜெயிச்சுடுவேன். யார்கிட்டயாவது இருக்கா?"

"எல்லாத்தையும்தான் நேத்தே வழிச்சு எடுத்துட்டுப் போனியே."

பக்கத்தில் முட்டைக்கார அம்மா சிரித்தாள். "பாவம்டி, அழுதுடுவான் போல இருக்கு. அந்த டப்பாவைக் குடேன். நாளைக்குச் செல்லாத காசு தொங்கி என்ன ஆகப்போகுது?"

என் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஆணியிலிருந்து டப்பாவை எடுத்து, என் சாக்கில் கவிழ்த்தாள். சலசலவென்று விழுந்தது. "போடா. ஜெயிக்காம மட்டும் வந்தே, இந்தக் கத்தியிலயே வெட்டுவேன்."

ஜெயித்தேன்! இரவு மீன் வரிசையே என்னைத் தூக்கி வைத்து ஆடியது. முந்நூறு பெண்கள். பத்து வருடம் தினமும் அந்தக் கதவைத் திறந்தவர்கள். ஒருத்தியின் தலையிலாவது உதித்ததா? ஒருத்திக்கும் உதிக்கவில்லை. செல்லாது என்று அரசாங்கம் சொன்னால் பூட்டுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைத்துவிட்டோம்.

யாரது, சிரிப்பது? சிரிக்கலாம் சித்தப்பா. மறுநாள் காலையில் அவர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். முட்டைக்கார அம்மா போய்விட்டுத் திரும்பி வந்து, "அடியேய், டப்பா காலிடி!" என்றாள். "பக்கத்துல கேளு" என்றார்கள். பக்கத்தில் இல்லை. அடுத்த கடையில் இல்லை. சேதி கடை கடையாகத் தாவியது. சிரிப்பும் கூடவே தாவியது. "போச்சுடி, சாவியைக் கொண்டுபோய் பேங்க்ல போட்டுட்டோம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்து மணி வரை சிரித்தார்கள். பதினோரு மணிக்குச் சிரிப்பு குறைந்தது. பன்னிரண்டு மணிக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெரிய காசைப் போட்டுப் பார்த்தார்கள். வாய்க்குள் நுழையவில்லை. கடைசல் பட்டறை அண்ணன் அதே அளவில் ஒரு தகடு வெட்டிக் கொடுத்தார். அது உள்ளே போய்ச் சிக்கி, முதல் கதவு அன்றோடு நிரந்தரமாகச் செத்தது. உடைத்துவிடலாம் என்றேன். கதவிலேயே எழுதியிருக்கிறது: சேதப்படுத்தினால் அபராதம், சிறை. மீன் வெட்டும் பெண்கள், ஐயா. கடையை இழக்க முடியுமா?

நகராட்சிக்குப் போனேன். இங்கே அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களைப் பார்க்க விடவில்லை. அவருக்குக் கீழே இருப்பவரைப் பார்த்தேன். மனுவை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"தம்பி, பூட்டு ரிப்பேரா?"

"இல்லை சார், நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்ன புகார்?"

"கதவு திறக்கலை சார்."

"பொடிக்காசு போட்டாத் திறக்குமா, திறக்காதா?"

"திறக்கும் சார். ஆனா அந்தக் காசே இல்லையே."

"காசு இல்லாதது பூட்டோட குறையில்லை தம்பி. ரிப்பேர் ஆகாத பூட்டை மாத்த விதியில இடமில்லை. மாட்டின கம்பெனியைக் கேளு."

அந்த நிறுவனத்தை எங்கே போய்க் கேட்பது? அது மூடி ஆறு வாரம். வங்கிக்குப் போனேன். மேலாளர் அவர்களே, உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்கும். நான் கொடுத்த சாக்கிலிருந்து ஒரே ஒரு கைப்பிடி திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் அன்பாகத்தான் பதில் சொன்னீர்கள்: "உருக்கிட்டாங்களே தம்பி."

உருக்கிவிட்டார்கள்!

மணியடிக்காதீர்கள் செயலாளரே. முடிக்கப் போவதில்லை இப்போது.

அடுத்த கழிப்பறை எங்கே இருக்கிறது? பேருந்து நிலையத்தில். நடந்து போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அந்த நேரத்துக்குக் கடையை யார் பார்ப்பது? வெட்டிய மீனை யார் காப்பது? காத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போனால் யார் கூப்பிடுவது? அப்படியானால் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மறியல் செய்தார்களா? கொடி பிடித்தார்களா? கோஷம் போட்டார்களா? ஒன்றும் செய்யவில்லை, ஐயா. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் நிறுத்தினார்கள். வெயிலில் நின்றார்கள், குடிக்கவில்லை. தொண்டை வறண்டது, குடிக்கவில்லை. தலை சுற்றியது, குடிக்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு மீன் கழுவுகிறார்கள், ஒரு வாய் குடிக்கவில்லை! பொடிக்காசு போனதால் விலைவாசி என்ன ஆனது என்று பேப்பரில் எழுதினார்கள். வங்கிக்கு எவ்வளவு மிச்சம், வணிகத்துக்கு எவ்வளவு லாபம் என்று எழுதினார்கள். ஒரு சந்தை முழுக்கப் பெண்கள் தாகத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எவராவது எழுதினார்களா?

மூன்றாவது மாதம் என் அக்கா கத்தியோடு கீழே சாய்ந்தாள். காய்ச்சல், நடுக்கம், முதுகில் கடப்பாறை இறக்கினாற்போல வலி. மூன்று சக்கர வண்டியில் மீன் பெட்டி வைக்கும் இடத்தில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பெண்தான். தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"காலையில ஒரு வாய். அப்புறம் வீட்டுக்குப் போனதும்."

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? கிட்னியில கிருமி ஏறியிருக்கு. ஒண்ணு பாதி வேலை செய்யலை. எட்டு டம்ளர் குடிக்கணும். தாகமே இல்லைன்னாலும் குடிக்கணும்."

"குடிக்கலாம் டாக்டர். குடிச்சிட்டு எங்க போறது?"

டாக்டர் பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டில் கடைசி வரியாக எழுதினார்: தண்ணீர் நிறைய. அந்தச் சீட்டில் காசில்லாமல் கிடைக்கிற ஒரே மருந்து அதுதான். அதைத்தான் அவளால் சாப்பிட முடியவில்லை.

என் அக்கா ஒரு நாளாவது என்னைக் குறை சொன்னாளா? நாலு சாத்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நான்தானேடா டப்பாவைக் கவுத்தேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாய் ஓயாத அக்கா அவள். அன்றிலிருந்து என்னைத் திட்டவே இல்லை. ஒரு மனிதனுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்?

அப்புறம் தேடினேன். சேர்த்தபோது தேடியதைவிடப் பத்து மடங்கு தேடினேன். வீடு வீடாய், குப்பை குப்பையாய். முன்பு காசு கேட்டுப் போன வாசல்களுக்கே மறுபடியும் போனேன். "நீதானப்பா கடைசிக் காசையும் வாங்கிட்டுப் போனே" என்றார்கள். அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன்! என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே வேலை அது.

கடைசியில் தையல்காரர் கூப்பிட்டார். தன் கடையின் திரைச்சீலை காற்றில் பறக்காமல் இருக்க, கீழ் மடிப்பில் எடைக்காக ஏதேதோ வைத்துத் தைத்திருக்கிறார். ஒரு மூலையைப் பிரித்தார். இரும்பு நட்டு. மறுமூலையைப் பிரித்தார். பொடிக்காசு! ஒரே ஒன்று.

ஒரு காசுக்கு ஒரு முறைதான் திறக்கும். போட்டது உள்ளே இருக்கும் பெட்டியில் விழுந்துவிடும். அந்தப் பெட்டியின் சாவியும் மூடிய நிறுவனத்தோடு போய்விட்டது. அப்போது முட்டைக்கார அம்மா சொன்னாள்: "ஒரு தடவை திறந்தாப் போதும்டி. மூடினாத்தானே மறுபடி திறக்கணும்?"

திறந்தார்கள். ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்பாள். காற்றடித்தால் ஓடி வந்து பிடிப்பார்கள். காலையில் முதலில் வருகிறவளும் மாலையில் கடைசியாகப் போகிறவளும் அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நாற்பத்தொரு நாள்! நாற்பத்தொரு நாள் அந்தக் கதவு மூடவில்லை. என் அக்கா தண்ணீர் குடித்தாள். மடக்கு மடக்காக, கடைக்குள் நின்று, எல்லார் பார்க்கவும் குடித்தாள். என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள்.

இன்று காலை நாற்பத்திரண்டாவது நாள். விருந்தினர்கள் வருகிறார்கள், சந்தை அழகாக இருக்க வேண்டும் என்று சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளையடித்தார்கள். தோரணம் கட்டினார்கள். வாசலில் ஒரு செங்கல் கிடந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது. எடுத்து ஓரமாகப் போட்டார்கள். கதவு திறந்து கிடந்தது, அதுவும் அசிங்கமாக இருந்தது. மெதுவாக, பெயிண்ட் படாமல், பொறுப்பாக... மூடினார்கள்.

செயலாளர் அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்கும்தான் அன்று தெரியவில்லை. இந்தச் சந்தையில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்ததே இல்லை. அதுதானே ஐயா சிக்கல்! கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். நான் யார் சட்டையைப் பிடிப்பது?

நம்பவில்லையா? கூட்டத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் சங்கம் குளிர்பானம் கொடுத்தது. இந்தப் பக்கம் அண்ணன்மார், மாமாமார், பாதி பேர் குடித்து முடித்துக் காலி பாட்டிலை நாற்காலிக்கு அடியில் உருட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் தாய்மார் வரிசையைப் பாருங்கள். எல்லார் மடியிலும் பாட்டில் இருக்கிறது. ஒரு மூடியாவது திறந்திருக்கிறதா? இந்த வெயிலில், ஒரு மூடியாவது?

ஒன்று கேட்கிறேன். ஆயிரம் பேர் இருக்கிறீர்கள். எழுந்திருங்கள். பைகளில் கையை விடுங்கள். பர்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். மேடையில் இருப்பவர்களும்தான், தேடுங்கள் ஐயா. ஒரே ஒரு பொடிக்காசு. யாரிடமாவது?

அங்கே? இல்லையா.

பின்னால், ஐஸ்கார அண்ணே? இல்லை.

மேலாளர் ஐயா?

இல்லை. ஆயிரம் பேரில் ஒருவரிடமும் இல்லை. இருக்காது. அத்தனையையும் நான் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்குத்தான் இந்தக் கேடயம்.

என்ன? யார் அது? அக்காவா?

அக்கா எழுந்து நிற்கிறாள். பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டவில்லை, எனக்குத் தெரியும் அந்தக் கை, அவளுக்கு அவசரமாகப் போக வேண்டும். முட்டைக்கார அம்மாவும் எழுந்துவிட்டாள். பேருந்து நிலையக் கழிப்பறையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், இப்போதே ஐந்தே முக்கால். வண்டியில் ஒரு நடைக்கு ஆறு பேர்தான் ஏற முடியும். இன்றைக்கு ஒரே ஒரு நடைதான் அடிக்க முடியும். அக்கா, நீ ஏறு. இன்னும் ஐந்து பேர்... ரொம்ப முடியாதவர்கள் மட்டும் வாருங்கள்... மற்றவர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்ட காதுகளுக்கு நன்றி, உட்கார்ந்த பெரியவர்களுக்கு வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள் ஐயா, நான் போகணும்.